சோகை கிழித்த கண்ணுக்குள் நடக்கும் சண்டை

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. அதனால் கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கரும்புக்குப் பஞ்சமில்லை. சோகை உரிக்கிறவங்களுக்குத் தெரியும், அதன் ஓரம் ரம்பம் மாதிரி. கண்ணில் பட்டால் உறுத்தும், தண்ணீர் வரும், மறுநாள் வேலைக்குப் போயிடுவாங்க. சிலருக்கு மட்டும் சில நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்று ஊரில் சொல்வது பல நேரம் இந்தக் கதையின் முடிவைத்தான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 434 கருவிழிப் புண்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். கிருமி பிடிபட்டவற்றில் ஏறக்குறைய பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. குளிர் நாடுகளில் பூஞ்சையின் பங்கு இதைவிட ரொம்பக் குறைவு. இங்கே பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியம், அடுத்து ஆஸ்பர்ஜில்லஸ். கரும்பில் வாடல் நோய் உண்டாக்குவதும் ஃபியூசேரியம் இனம்தான்.

கருவிழியின் கண்ணாடிப் படலத்தில் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் பார்வை மறைக்கும். ஆனால் அதனாலேயே காவலும் குறைவு. அங்கங்கே சில மேக்ரோபேஜ் செல்கள் மட்டும் ரோந்து சுற்றும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்து உள்ளே நுழையும்போது அதன்மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு புரதச் சட்டை இருக்கும். அந்தச் சட்டை இருக்கும்வரை காவல் செல்லுக்கு ஆள் யாரென்றே தெரியாது. வித்து ஊறி முளைவிடும்போது சட்டை கிழிகிறது, அடியில் இருக்கும் பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி வெளியே தெரிகிறது. மேக்ரோபேஜின் டெக்டின்-1 என்ற உணர்வி அதைப் பிடித்துக்கொண்டு சங்கு ஊதுகிறது. கண்ணின் ஓரத்து ரத்தக் குழாய்களிலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் படையாக வந்து இறங்குகின்றன. கண் சிவப்பது அப்போதுதான்.

வித்து என்றால் விழுங்கிவிடலாம். இழையாக நீண்டுவிட்டால் நியூட்ரோஃபிலைவிட அது பலமடங்கு நீளம், விழுங்க முடியாது. சுற்றி நின்று ஆக்சிஜன் நஞ்சைப் பீய்ச்சுகின்றன. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுகின்றன. பூஞ்சையும் சும்மா இருக்காது. நஞ்சை முறிக்கும் நொதியைச் சுரக்கும், இரும்பைப் பறிக்கத் தனி மூலக்கூறு அனுப்பும். இந்தச் சண்டையில் வெள்ளணுக்கள் கொட்டும் நொதிகள் கருவிழியின் கொலாஜனையும் சேர்த்துக் கரைக்கின்றன. அதாவது, புண் ஆழமாவதில் நம்ம படைக்கும் பங்கு உண்டு.

அப்போ படையை அடக்கினால் சரியாகிடுமா? மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைத்தான் செய்கிறது. சிவப்பு குறையும், வலி குறையும், "பரவாயில்லையே" என்று தோணும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பதில் நாளும் போகும், புதுக் கிருமியும் சேரும்.

புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் இழை தெரிந்துவிடும், நிமிஷக் கணக்குதான். பூஞ்சை என்றால் நாட்டாமைசின் சொட்டு. (நம்ம ஊர் நாட்டாமை இல்லை, தென்னாப்பிரிக்காவின் நட்டால்.) தென்னிந்தியாவில் நடந்து 2013-இல் வெளியான சோதனையில், வோரிகோனசோலைவிட இதுதான் நன்றாக வேலை செய்தது, ஃபியூசேரியத்தில் முக்கியமாக. பகலில் மணிக்கு ஒரு சொட்டு என்று ஆரம்பித்து வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். ஆழமாகப் போய்விட்ட பூஞ்சையை அது சரியாக எட்டாது. அந்த நிலைக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வேறொருவர் தானம் கொடுத்த கருவிழிதான் மிச்சம்.