ஒரு நாட்டையே வாங்குமுன் மூன்று கணக்குகள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் சில கிலோமீட்டரிலேயே வந்துவிடும் அரவேணு. கேத்தரின் அருவிக்குப் போகிறவர்கள் இங்கேதான் பிரிய வேண்டும். சுற்றிலும் சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள். விலை வேறு, மதிப்பு வேறு என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏறக்குறைய நாலு, நாலரை கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது, தொழிற்சாலைச் செலவு போக இலைக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தோட்டக்காரர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் மாவட்டச் சராசரி இலை விலையும் தூளின் விலையை ஒட்டியதுதான். தொழிற்சாலை கொடுக்கும் விலை அதற்குக் கீழே போனால், ஏன் என்ற கேள்வி அன்றைக்கே எழும்.

இலைக்குக் கேட்கும் அந்தக் கேள்வியைப் பங்குச் சந்தையில் பலர் கேட்பதில்லை. குறிப்பாக, கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு நாட்டின் பெரிய நிறுவனங்கள் அத்தனையையும் வாங்கிவிடலாம் என்ற வசதி வந்த பிறகு, திரையில் தெரியும் விலையே மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தால் சேமிப்பு எப்படிக் கரையும், அதைத் தடுக்க என்ன கணக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரே யூனிட்டில் ஒரு நாடு

பங்குச் சந்தையில் ஒரு பங்கைப் போலவே வாங்கி விற்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்டுதான் இடிஎஃப். இந்தியாவின் முதல் இடிஎஃபான நிஃப்டி பீஸை பெஞ்ச்மார்க் நிறுவனம் 2001 இறுதியில் கொண்டுவந்தது. 2002 ஜனவரியில் அது சந்தையில் பட்டியலானது. ஒரே ஒரு நாட்டின் பங்குகளை மட்டும் வைத்திருப்பது ஒற்றை நாட்டு இடிஎஃப். 1996இல் மார்கன் ஸ்டான்லி 17 நாடுகளுக்குத் தனித்தனியாக இப்படிப்பட்ட ஃபண்டுகளை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. பின்னாளில் ஐஷேர்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியவை அவைதான்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் பலர் இந்தியாவை வாங்குவது ஐஷேர்ஸ் எம்எஸ்சிஐ இந்தியா போன்ற ஃபண்டுகள் வழியாக. இங்கிருந்து வெளிநாட்டை வாங்க, ஹாங்காங் சந்தைக்கு 2010இல் வந்த ஹாங்செங் பீஸ் இருக்கிறது. அமெரிக்காவுக்கு 2011இல் வந்த மோதிலால் ஓஸ்வால் நாஸ்டாக் 100 இருக்கிறது. எதை வாங்கினாலும் மூன்று கணக்குகளைத் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் பணம் போகிறது.

முதல் கணக்கு: உள்ளே எவ்வளவு இருக்கிறது?

ஃபண்டு வைத்திருக்கும் பங்குகளின் இன்றைய சந்தை மதிப்பைக் கூட்டி, செலவுகளைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது என்ஏவி. சந்தை நடக்கும் நேரத்தில் அதை உடனுக்குடன் கணக்கிட்டுக் காட்டுவது ஐ-என்ஏவி. பங்கு சார்ந்த இடிஎஃப்களுக்கு இதை அதிகபட்சம் 15 விநாடி இடைவெளியில் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022இல் கொண்டுவந்த விதி.

சாதாரண நாட்களில் யூனிட்டின் விலை இந்த என்ஏவியை ஒட்டியே நகரும். காரணம் எளிது. விலை என்ஏவிக்கு மேலே போனால், பெரிய வணிகர்கள் ஃபண்டு நிறுவனத்திடமிருந்து புது யூனிட்டுகளை என்ஏவி விலையில் வாங்கிச் சந்தையில் விற்று லாபம் பார்ப்பார்கள். வரத்து கூடும், விலை இறங்கும். கீழே போனால் இதற்கு நேர்மாறு. இடிஎஃபின் விலை ஒழுங்காக இருப்பது இந்தப் போக்குவரத்தால்தான்.

இந்தியாவில் வெளிநாட்டு இடிஎஃப்களுக்கு அந்த வழி அடைபட்டது. மியூச்சுவல் ஃபண்டு துறை மொத்தமும் வெளிநாட்டில் 700 கோடி டாலர் வரைதான் முதலீடு செய்யலாம்; வெளிநாட்டு இடிஎஃப்களில் போட இன்னொரு 100 கோடி டாலர். முதல் வரம்பு 2022 பிப்ரவரியில் எட்டப்படும் நிலை வந்தபோது புது முதலீடு நிறுத்தப்பட்டது. இரண்டாவதற்கு 2024 ஏப்ரலில் அதே நிலை வந்தது. ஃபண்டால் புது யூனிட் கொடுக்க முடியவில்லை. ஆனால் வாங்க ஆள் குறையவில்லை. விளைவாக, சில வெளிநாட்டு இடிஎஃப்களின் விலை என்ஏவியைவிட 10 சதவீதத்துக்கும் மேலே ஏறி நின்றது.

அதன் பொருளைக் கணக்கில் பாருங்கள். உள்ளே 100 ரூபாய் சரக்கு இருக்கும் யூனிட்டை 115 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். நாளைக்கு வரம்பு தளர்ந்து அந்த 15 ரூபாய் பிரீமியம் மறைந்தால், அந்த நாட்டின் சந்தை ஒரு புள்ளிகூட இறங்காமலேயே உங்கள் பணத்தில் 13 சதவீதம் போய்விடும். 25 கோடி ரூபாய்க்கு மேல் பரிவர்த்தனை செய்கிறவர் ஃபண்டு நிறுவனத்தோடு நேரடியாகப் பேசலாம். மாதம் 5,000 ரூபாய் போடுகிறவருக்குச் சந்தை விலையைத் தவிர வேறு கதவு கிடையாது. ஆகவே இந்தக் கணக்கு யாரையும்விடச் சிறு முதலீட்டாளருக்கே அவசியம்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ஹாங்காங் சந்தை நம் நேரப்படி காலை 7 மணிக்குத் திறந்து பகல் 1.30க்கு மூடுகிறது. நடுவே அவர்களுடைய மதிய இடைவேளை நமக்குக் காலை 9.30 முதல் 10.30 வரை. நம் சந்தை 9.15க்குத் தொடங்கி 3.30க்கு முடிகிறது. ஆக, ஹாங்செங் பீஸின் விலையும் உள்ளே இருக்கும் பங்குகளின் விலையும் ஒன்றையொன்று பார்த்து நகர்வது பெரும்பாலும் காலை 10.30 முதல் பகல் 1.30 வரை. அதற்கு வெளியே தெரியும் என்ஏவி, நின்றுபோன விலைகளின் கணக்கு. அமெரிக்க ஃபண்டுகளிலோ நம் பகல் முழுவதுமே அவர்களுடைய வழக்கமான வணிகம் நடப்பதில்லை.

இரண்டாம் கணக்கு: உள்ளே இருப்பது எவ்வளவு தகும்?

என்ஏவி சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. அந்த நாட்டின் பங்குகளே தகுதிக்கு மீறிய விலையில் இருந்தால்? இங்கேதான் உள்ளார்ந்த மதிப்பு வருகிறது. ஒரு சொத்து இனிமேல் கொடுக்கப்போகும் பணம் முழுவதையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கிடைப்பதே அதன் மதிப்பு என்று பொருளாதார அறிஞர் ஜான் பர் வில்லியம்ஸ் 1938இல் எழுதினார். இன்றுவரை அடிப்படை அதுவே.

ஓர் உதாரணம். யூனிட்டின் என்ஏவி 100 ரூபாய், பிஇ விகிதம், அதாவது விலை ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, 20 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யூனிட்டுக்குப் பின்னால் நிறுவனங்கள் ஆண்டுக்கு 5 ரூபாய் லாபம் சம்பாதிக்கின்றன. அதில் பாதியை, 2.50 ரூபாயை, பங்குதாரருக்குக் கொடுக்கின்றன. மீதியைத் தொழிலில் போட்டு 14 சதவீதம் ஈட்டுகின்றன. அப்படியென்றால் லாபம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும். நீங்கள் எதிர்பார்க்கும் வருமானம் 10 சதவீதம். அடுத்த ஆண்டு வரப்போகும் 2.675 ரூபாயை, 10க்கும் 7க்கும் உள்ள வித்தியாசமான 3 சதவீதத்தால் வகுத்தால் மதிப்பு சுமார் 89 ரூபாய்.

இப்போது எதிர்பார்ப்பை மட்டும் மாற்றுங்கள். 11 சதவீதம் என்றால் மதிப்பு 67 ரூபாய்க்கு விழுகிறது. 9 சதவீதம் என்றால் 134க்கு ஏறுகிறது. ஒரே ஃபண்டு, ஒரே லாபம், ஒரு சதவீத மாற்றம். ஃபண்டின் ஆண்டுச் செலவு 1 சதவீதம் என்றால் அதுவும் ஏறக்குறைய இதே அளவுக்கு மதிப்பைக் குறைக்கும். ‘இந்த நாட்டின் சரியான மதிப்பு இதுதான்’ என்று ஒற்றை எண்ணைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். இந்தக் கணக்கு தருவது ஓர் எல்லை. விலை அந்த எல்லைக்கு மிகவும் மேலே இருக்கிறதா என்பதைச் சொல்லும் அளவுக்கு அது போதும்.

அந்த 10 சதவீதத்தை எப்படி முடிவு செய்வது? இதில் உலகம் பின்பற்றும் வழியைக் காட்டியவர்களில் முக்கியமானவர் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்த அஸ்வத் தாமோதரன். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் நிர்வாகவியல் கல்லூரியில் 1986 முதல் பாடம் நடத்துகிறார். ஒவ்வொரு ஜனவரியிலும் நாடுவாரியாகக் கூடுதல் அபாயம் எத்தனை சதவீதம் என்று பட்டியல் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியிடுகிறார். நாட்டின் கடன் தரமதிப்பீடு தாழத் தாழ, நீங்கள் கேட்க வேண்டிய வருமானம் உயரும் என்பது அதன் சாரம். அவர் வலியுறுத்தும் இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் அபாயம் அது பதிவான நாட்டைவிட, அது சம்பாதிக்கும் நாடுகளைப் பொறுத்தது. ஹாங்செங் குறியீட்டில் எச்எஸ்பிசி இருக்கிறது; அதன் வருமானம் உலகமெங்கும் இருந்து வருகிறது. அதே குறியீட்டில் டென்சென்ட்டும் அலிபாபாவும் இருக்கின்றன. அவற்றின் அடித்தளம் சீனப் பெருநிலம். ஹாங்காங்கை வாங்குகிறோம் என்று நினைப்பவர் உண்மையில் வாங்குவதில் பெரும்பகுதி சீனா.

பிஇ விகிதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 மார்ச் 31 அன்று நிஃப்டியின் பிஇ சுமார் 40இலிருந்து 33க்கு இறங்கியது. சந்தை அந்த அளவுக்குச் சரியவில்லை, லாபம் திடீரென்று பெருகவும் இல்லை. அதுவரை தாய் நிறுவனத்தின் லாபத்தை மட்டும் எடுத்த தேசியப் பங்குச் சந்தை, அன்றிலிருந்து துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபத்தை எடுத்தது. இரண்டு நாடுகளின் பிஇயை ஒப்பிடுமுன், லாபத்தை எப்படிக் கணக்கிட்டார்கள், நஷ்ட நிறுவனங்களைச் சேர்த்தார்களா, விட்டார்களா என்று பார்ப்பது அதனால்தான் கட்டாயம்.

வேகமாக வளரும் நாடு என்பதாலேயே அதன் பங்கு லாபம் தந்துவிடாது. நிதியியல் பேராசிரியர் ஜே ரிட்டர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட காலத்தில் நாடுகளின் பொருளாதார வளர்ச்சியும் பங்கு வருமானமும் கைகோத்துப் போகவில்லை என்று காட்டியது. வளர்ச்சியின் பலன் புது நிறுவனங்களுக்கும் தொழிலாளருக்கும் நுகர்வோருக்கும் போய்விடலாம். நிறுவனங்கள் புதுப் பங்குகளை வெளியிட்டுப் பழைய பங்குதாரரின் பங்கைக் கரைக்கலாம். நல்ல நாட்டுக்கு மிகை விலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1989 டிசம்பரில் நிக்கேய் குறியீடு தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஜப்பான் செல்வந்த நாடாகவே இருந்தது.

எந்தப் பணத்தில் கணக்குப் போடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. லாப வளர்ச்சியை டாலரில் எடுத்தால் எதிர்பார்க்கும் வருமானத்தையும் டாலரில்தான் எடுக்க வேண்டும். 2011 தொடக்கத்தில் சுமார் 45 ரூபாயாக இருந்த டாலர் 2024இல் 83, 84 ரூபாயானது. நாஸ்டாக் ஃபண்டில் பணம் போட்டவர் பெற்ற லாபத்தில் ரூபாயின் சரிவுக்கும் பங்குண்டு. அதை அமெரிக்க நிறுவனங்களின் திறமை என்று எண்ணி எதிர்காலத்துக்கும் நீட்டினால் கணக்கு தப்பும்.

மூன்றாம் கணக்கு: அந்த மதிப்பு நம் கைக்கு வருமா?

ஒற்றை நாட்டு ஃபண்டுக்கே உரிய ஆபத்து இதுதான். 2011 ஜனவரி இறுதியில் புரட்சியின்போது எகிப்துப் பங்குச் சந்தை மூடப்பட்டு மார்ச் 23 வரை திறக்கவில்லை. 2015 ஜூன் 29 முதல் ஆகஸ்ட் 3 வரை ஏதென்ஸ் சந்தை மூடிக் கிடந்தது. இரண்டு தடவையும் அந்த நாடுகளின் இடிஎஃப்கள் நியூயார்க்கில் விற்பனையாகிக்கொண்டே இருந்தன. உள்நாட்டில் விலையே இல்லாதபோது என்ஏவி பழைய விலைகளின் நிழலாகிவிடுகிறது. அப்போது இடிஎஃபின் விலைதான் அந்த நாட்டைப் பற்றிய முக்கியமான நேரடி மதிப்பீடு.

2022இல் ரஷ்யாவில் நடந்தது இன்னும் கடுமை. உக்ரைன் போர் தொடங்கியதும் பிப்ரவரி 28 முதல் மாஸ்கோவில் பங்கு வணிகம் நின்றது. மார்ச் முதல் வாரத்தில் ரஷ்ய இடிஎஃப்களின் வணிகம் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. குறியீட்டு நிறுவனமான எம்எஸ்சிஐ தன் குறியீடுகளிலிருந்து ரஷ்யப் பங்குகளை ஏறக்குறைய பூஜ்ய விலையில் நீக்கியது. அந்த நிறுவனங்கள் எண்ணெயும் எரிவாயுவும் விற்று லாபம் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தன. மார்ச் 24இல் மாஸ்கோ சந்தை ஓரளவு திறந்தபோதும் வெளிநாட்டவர் விற்க அனுமதி இல்லை. மதிப்பு அங்கே இருந்தது. அதை எடுத்துக்கொள்ளும் உரிமை இல்லாமல் போனது.

நீலகிரிக்கு ரஷ்யா தூரத்து நாடு அல்ல. நம் தேயிலையின் பெரிய சந்தையாக நெடுங்காலம் இருந்தது சோவியத் ஒன்றியமும் பிறகு ரஷ்யாவும்தான். 1998 ஆகஸ்டில் ரூபிள் விழுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பச்சை இலை விலை சரிந்து சிறு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், ஒரே பெரிய வாங்குபவரை நம்பியிருந்த பயிரின் நிலை அன்று வெளிப்பட்டது. ஒற்றை நாட்டில் சேமிப்பு முழுவதையும் வைப்பதும் அந்த ஆபத்தை விரும்பி ஏற்பதுதான். ஆகவே ஒரு நாட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், மொத்தச் சேமிப்பில் சிறு பகுதிக்கு மேல் அதில் போடாதீர்கள்.

செய்ய வேண்டியது

வாங்குமுன் ஐ-என்ஏவியைப் பாருங்கள். ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். விலை அதற்கு 1, 2 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் காத்திருங்கள். அவசரப்பட்டு வாங்கும் அளவுக்கு எந்த நாடும் ஓடிவிடாது. ‘மார்க்கெட் ஆர்டர்’ போடாமல் நீங்களே விலை குறித்து ‘லிமிட் ஆர்டர்’ போடுங்கள். பிறகு முதல் பத்துப் பங்குகளின் பெயர்களைப் படியுங்கள். தைவான் ஃபண்டு என்று வாங்கினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் டிஎஸ்எம்சி என்ற ஒரே நிறுவனமாக இருக்கலாம். கடைசியாக, மூன்று எதிர்பார்ப்புகளில் மதிப்பைக் கணக்கிட்டு, குறைந்த மதிப்பையும் தாங்க முடியுமா என்று பாருங்கள்.

இவற்றில் முதலாவதைச் சிறு முதலீட்டாளரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. ஐ-என்ஏவி ஏற்கெனவே வெளியாகிறது. வாங்கும் பொத்தானுக்கு மேலே, விலைக்குப் பக்கத்திலேயே அதைக் காட்டச் செயலி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ‘நீங்கள் 100 ரூபாய் சரக்குக்கு 115 ரூபாய் கொடுக்கிறீர்கள்’ என்று ஒரு வரி எச்சரித்தால் போதும், எத்தனையோ பேரின் சேமிப்பு தப்பும். செபி இதை ஒவ்வொரு செயலிக்கும் கட்டாயமாக்க வேண்டும்.