ஆண்மைக் குறைவு: நோயை விடப் பயமே பெரிது

நரம்புத் தளர்ச்சியையும் ஆண்மைக் குறைவையும் சில வாரங்களில் தீர்த்து வைப்பதாகக் கூறும் விளம்பரங்களை, பெரிய நகரங்களின் ரயில் பாதையோரச் சுவர்களில் காணாதவர் இருக்க முடியாது. இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் அவை ஒழியவில்லை. டாக்டரிடம் வாய் திறக்கக் கூசும் ஆண்கள் இருக்கும் வரை இந்த வியாபாரம் நடக்கவே செய்யும்.

உடலில் நடப்பது என்ன?

ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்புகள் வழியே செய்தி செல்கிறது. ஆணுறுப்பில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிப்பட்டு, ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தம் நிறைந்து விறைப்பு ஏற்படுகிறது. ரத்தக் குழாய்களில் இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது.

பயம் வந்தால் நடப்பது இதற்கு நேர் எதிர். அட்ரினலின் சுரந்து, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வெறிநாயைக் கண்டு ஓடும்போது உதவும் அதே சுரப்பு, படுக்கையறையில் எதிரியாகி விடுகிறது.

ஒரு நாள் தோல்வி

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர்களிடம் இந்தப் பயம் எளிதில் வேர் விடும். ஓராண்டுப் பிரிவு, பத்து நாள் லீவு. நீண்ட ரயில் பயணம், தூக்கமின்மை, கடன் பற்றிய பேச்சு, அடுத்த அறையில் பெற்றோர். அன்றிரவு உடல் ஒத்துழைக்காமல் போனால் வியப்பில்லை. ஆரோக்கியமான எவருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் அவர் அப்படி நினைப்பதில்லை. நாளையும் இப்படியே ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கலங்குகிறார். அந்தக் கலக்கமே மறுநாள் தோல்விக்கும் காரணமாகிறது.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்கள். இந்நிலையில் உள்ள ஆண் கலந்து மகிழ்வதில்லை. தள்ளி நின்று தன்னையே கண்காணிக்கிறான். பரீட்சை எழுதுகிறவனுக்குச் சுகம் ஏது? விந்து முந்திவிடும் என்று அஞ்சுகிறவருக்கும் இதே கதிதான்.

நாளடைவில் மனைவியைத் தொடுவதையே அவர் தவிர்க்கிறார். எரிச்சலும் குடியும் சேர்ந்து கொள்கின்றன. மனைவியோ, தன்னைப் பிடிக்கவில்லையோ, அங்கே வேறு யாரும் உண்டோ என்று மருகுகிறாள். இருவருமே வாய் திறப்பதில்லை. தாம்பத்திய சுகத்தோடு அன்பான பேச்சும் போய்விடுகிறது.

விந்து பற்றிய வீண் பயம்

பல துளி ரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்து உண்டாகிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மை அதுவல்ல. விந்தின் பெரும்பகுதி விந்துப் பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் திரவமே. சொப்பன ஸ்கலிதமோ சுய இன்பமோ உடல் பலத்தைக் கரைப்பதில்லை. கரைந்துவிட்டதாக எண்ணுவதால் வரும் சோர்வுக்கும் மனக்கலக்கத்துக்கும் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960ல் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார்.

அலட்சியமும் கூடாது

எல்லாமே மனம்தான் என்று விட்டுவிடவும் கூடாது. தூங்கி எழும்போது நல்ல விறைப்பு இருந்தால் காரணம் பெரும்பாலும் மனமே. அதுவும் குறைந்து கொண்டே வந்தால் உடலைச் சோதிக்க வேண்டும். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, புகை, மது, சிலவகை மாத்திரைகள் ஆகியவை காரணமாகலாம்.

ஆணுறுப்பின் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. இருதயத்தின் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படியும்போது சிறிய குழாய்தான் முதலில் பாதிக்கப்படும். எனவே மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே இது எச்சரிக்கை மணி அடிக்கக் கூடும்.

செய்ய வேண்டியது

முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியே போதும். 1998ல் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில் மாத்திரை ரத்த ஓட்டத்துக்கு உதவும், ஆசையை உண்டாக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைச் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் திடீரென விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். லேகியங்களிலும் சூரணங்களிலும் இதே மருந்தைச் சொல்லாமல் கலப்பது உண்டு. ஆகவே டாக்டரைக் கேளாமல் எதையும் தொடக் கூடாது.

மனம்தான் காரணம் என்றால், சில நாட்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொண்டு, தொட்டுப் பழகி மட்டும் இருக்கலாம். மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்த முறை இது. பரீட்சை இல்லை என்று ஆனதும் பயம் குறையும். பயம் குறைந்தால் உடல் தானே வழிக்கு வரும்.

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். அதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. இதுவும் உடலில் வரும் ஒரு கோளாறுதான். லேகிய டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தைச் சர்க்கரைப் பரிசோதனைக்குச் செலவிட்டு, மனைவியிடம் மனம் விட்டுப் பேசுகிறவருக்குப் பாதிச் சுமை அன்றே இறங்கிவிடும்.