பேருருவ வண்டியும் இருவகை ஆற்றலும்

அமெரிக்க நாட்டிலே எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, பின்னே ஒரு படகையும் இழுத்துச் செல்லவல்ல பேருருவ மோட்டார் வண்டிகள் உண்டு. அங்கே எஸ்.யூ.வி. என்பர், இலங்கையிலே ஜீப் என்றே சொல்லிவிடுவர். ஏறக்குறைய இரண்டரைத் தொன் நிறையுள்ள இவை பெற்றோலை நீராய்க் குடிப்பவை. இத்தகைய வண்டியிலே மின்மோட்டாரையும் இணைத்து ‘ஹைபிரிட்’ ஆக்குவதாற் பயன் யாது? சிக்கனம் சிறிய வண்டிக்கே பொருந்தும் எனப் பலர் எண்ணுவர். கணக்கோ மாறாக நிற்கின்றது.

கலனுக்கு 30 மைல் ஓடும் சிறு வண்டியொன்று 45 மைல் ஓடுமாறு திருத்தப்படின், நூறு மைலுக்கு மிஞ்சுவது ஒரு கலனுக்குச் சற்று மேல். 14 மைலே ஓடும் பெருவண்டி 21 மைல் ஓடுமாயின், அதே நூறு மைலுக்கு இரண்டு கலனுக்கு மேல் மிஞ்சும். இரண்டிலும் முன்னேற்றம் ஒன்றரை மடங்கே! கலனுக்கு இத்தனை மைல் என்னும் அளவை மக்களை எவ்வாறு மயக்குகிறது என்பதை லரிக், சோல் என்னும் ஆய்வாளர் இருவர் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினர்.

14, 21 என்பன கற்பனை எண்களல்ல. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 2007இன் இறுதியில் வெளியிட்ட தாஹோ ஹைபிரிட் வண்டிக்கு நகர ஓட்டத்தில் 21 மைல் கிடைத்தது. அதன் சாதாரண உடன்பிறப்புக்கு 14 மைல். ஆறு லீற்றர் எஞ்சினோடு, பற்சக்கரப் பெட்டிக்குள்ளேயே இரண்டு மின்மோட்டார்கள். அவற்றுக்கு 300 வோல்ற்று மின்கல அடுக்கு. இணைபிரியாத இரு காளைகளைப் போல எஞ்சினும் மோட்டாரும் நுகத்தைப் பகிர்ந்துகொள்ளும். மெல்லப் புறப்படும்போது மோட்டார் மாத்திரம் இழுக்கும். சந்தியில் நிற்கையில் எஞ்சின் ஓய்ந்துவிடும். பிறேக்கை மிதித்தாலோ மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி, வெப்பமாய் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்திற் சேர்க்கும். வண்டி கனமானால், அவ்வாறு மீளும் ஆற்றலும் மிகுதி. பிறேக்குக்கு வேலையில்லாத நெடுஞ்சாலையிலே இந்த வித்தை பலிப்பதில்லை. அங்கே கிடைத்தது 20க்குப் பதிலாக 22 மைலே.

பாரத்தைக் குறைக்க அலுமினிய மூடி பொருத்தினர்; மேலதிகச் சில்லையும் நீக்கினர். நெடுவழியிலே ரயர் வெடித்தவன் இச்சிக்கனத்தை வாழ்த்தியிருப்பானோ என்பது ஐயமே! விலையோ ஐம்பதாயிரம் டொலருக்கு மேல். பரிசும் புகழும் வந்தன. வாங்குவோர் போதிய அளவில் வரவில்லை. 2013ஆம் ஆண்டு மாதிரியோடு உற்பத்தி நின்றது. கிறைஸ்லர் நிறுவனத்தின் இத்தகைய வண்டிகள், அவற்றைச் செய்த டெலவெயர் தொழிற்சாலை 2008 டிசெம்பரில் மூடப்பட்டதோடு முடிந்தன.

2022இல் டொயோட்டா நிறுவனம் வேறு வழியை நாடியது. தன் புதிய செக்கோயா வண்டியை ஹைபிரிட்டாக மாத்திரமே விற்றது. சிக்கனத்தினும் வலிமையையே முன்வைத்துப் பேசியது. முன்னைய 381 குதிரைவலு 437 ஆயிற்று. நகரத்தில் 13 மைல் ஓடிய வண்டி 21 மைல் ஓடியது. ஆயினும் மின்கலத்துக்கு இடம் வேண்டுமே! அது மூன்றாம் வரிசை இருக்கையின் கீழே அமர்ந்துகொண்டமையால், பின்புறத் தளம் உயர்ந்து, பெட்டிகள் வைக்கும் இடம் சுருங்கிற்று.