கைப்பேசிக் கண்ணும் கேமராக் கண்ணும்

“கையில் உள்ள கைப்பேசியே நன்றாகப் படம் எடுக்கும்போது, தனியே ஒரு கேமரா வாங்க வேண்டுமா?” என்பது மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் வினா. விற்பனையாளர் இதற்கு மெகாபிக்சல் கணக்கைக் காட்டி விடையிறுப்பார். 50, 108, 200 என எண் ஏற ஏறப் படத்தின் தரமும் ஏறும் என்பது அவர் வாதம். அவ்வெண் ஒன்றையே நம்பிப் பொருள் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

ஒளிப்படம் என்பது பெயருக்கேற்ப ஒளியால் ஆவது. முற்றத்தில் மழைநீர் ஏந்த ஒரு தாம்பாளத்தை வைக்கிறோம் என்று கொள்வோம். சேரும் நீரின் அளவு தாம்பாளத்தின் பரப்பைப் பொறுத்ததே அன்றி, அதனுள் எத்தனை சிறு கிண்ணங்களை அடுக்கினோம் என்பதைப் பொறுத்ததன்று. கேமராவினுள் ஒளியை ஏந்தும் சென்சார் என்னும் உணரியே அத்தாம்பாளம், பிக்சல்கள் கிண்ணங்கள். முழுச்சட்டக் கேமராவின் உணரி 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது, பழைய படச்சுருளின் ஒரு சட்டத்தின் அளவே இது என்பதை மூத்தோர் அறிவர். பரப்பு 864 சதுர மி.மீ. உயர்விலைக் கைப்பேசிகள் பலவற்றின் முதன்மை உணரியோ ஏறத்தாழ 10 மி.மீ. நீளமும் 7 மி.மீ. அகலமும் கொண்டது, முன்னதில் பன்னிரண்டில் ஒரு பங்களவே. 50 மெகாபிக்சல் என விளம்பரம் பெறும் கைப்பேசிகள் பலவும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் அளவிலேயே வழக்கமான படத்தைத் தருவதன் காரணமும் இதுவே.

வில்லையின் வாயும் அவ்வாறே. 50 மி.மீ. குவியத் தொலைவும் 1.8 துளை எண்ணும் உடைய எளிய கேமரா வில்லையின் திறப்பு 28 மி.மீ. விட்டம் கொண்டது. அதே துளை எண்ணைக் கைப்பேசியின் மீது பொறித்திருப்பினும், அதன் குவியத் தொலைவு ஏறத்தாழ 7 மி.மீ. ஆதலின் திறப்பு 4 மி.மீ. அளவே அமையும்.

இத்துணைச் சிறிய கண்ணைக் கொண்டு கைப்பேசி எங்ஙனம் வென்றது? கணக்கினால் வென்றது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் எண்முறைக் கேமரா, 10,000 பிக்சல் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. 2000இல் ஜப்பானில் வெளிவந்த ஷார்ப் நிறுவனத்தின் கேமராக் கைப்பேசி 1,10,000 பிக்சல் அளவே உடையது. இன்றைய கைப்பேசியோ, நாம் ஒருமுறை தொட்ட அளவில் பல படங்களை எடுத்து, ஒன்றன்மீது ஒன்றாகப் பொருத்தி, இருட்டில் தோன்றும் மணல்போன்ற குறைகளைக் களைந்து, நிழலை உயர்த்தி, வானத்தைத் தணித்து ஒரே படமாகத் தருகிறது. 2018இல் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளில் அளித்த இரவுக்காட்சி வசதி இதில் ஒரு திருப்பம். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் தொகுத்த கணக்கில், 2010இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட எண்முறைக் கேமராக்கள் 2023இல் 80 இலட்சத்திற்கும் கீழே சரிந்தன. சட்டைப்பையில் அடங்கிய சிறு கேமராவின் இடத்தைக் கைப்பேசி கைக்கொண்டது.

எனினும் கணக்குக்கும் எல்லை உண்டு. பல படங்களை ஒன்றாக்க வேண்டுமெனில் காட்சி அசையாதிருத்தல் நலம். மங்கிய மண்டபத்தில் ஓடும் குழந்தையும், மாலை மங்கியபின் பந்தடிப்போரும் கைப்பேசியில் கலங்கித் தோன்றுவது இதனாலேயே. வேடந்தாங்கல் ஏரியில் தொலைவில் அமர்ந்த நாரையை விரலால் பெரிதாக்கினால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கைப்பேசி படத்தை வெட்டிப் பெருக்குகிறதே ஒழிய அண்மைப்படுத்துவதில்லை. முகத்தின் பின்புலத்தை மங்கச் செய்யும் வசதியும் கணக்கின் வேலையே. முடியிழைகளையும் கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பையும் சிலபோது சேர்த்தே அழித்துவிடும். மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. முகத்தருகே கைப்பேசியைக் கொண்டுசென்றால் மூக்கு பெருத்தும் செவிகள் ஒடுங்கியும் தோன்றும். அது வில்லையின் குற்றமன்று, நெருக்கத்தின் விளைவு. நான்கடி பின்வாங்கி இருமடங்கு வில்லையைப் பயன்படுத்தினால் தீரும்.

இவற்றினும் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் இட்டு, சாம்சங் கேலக்சி எஸ்23 அல்ட்ராவால் ஒருவர் படமெடுத்தார். திரையில் இல்லாத குழிகளும் மேடுகளும் படத்தில் தெளிவாக இருந்தன. நிலவை அடையாளம் கண்டு நுண்விவரங்களைச் செயற்கை நுண்ணறிவால் மிகுவிக்கும் வசதி தம் கைப்பேசியில் உண்டென அந்நிறுவனமும் விளக்கியது. நிலவழகைச் சுவைப்போர்க்கு இதனால் இழப்பில்லை. ஆயின் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் தேய்ந்த கல்வெட்டைப் படமெடுக்கிறார் எனக் கொள்க. புள்ளி இருந்ததா, காலா கொம்பா என்பது ஒரு சொல்லின் பொருளையே மாற்றும் இடம் அது. அங்கே கருவி கூர்மைப்படுத்திக் காட்டும் கோடு, கல்லில் உள்ளதா கணக்கில் பிறந்ததா என்னும் ஐயத்திற்கு இடம் தரலாகாது. அத்தகைய பணிக்குக் கேமராவும் ‘ரா’ எனப்படும் செப்பமிடாத கோப்பும் சிறந்தவை. கைப்பேசியே கிடைப்பதாயின், அழகூட்டும் வசதிகளை நிறுத்தி, ‘ரா’ வசதி இருப்பின் அதையும் பயன்கொண்டு, காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலில், அருகே ஓர் அளவுகோலை வைத்துப் பல கோணங்களில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே குடும்ப நிகழ்ச்சி, பயணம், நூற்பக்கங்களைப் படியெடுத்தல் ஆகியவற்றிற்கு மட்டும் படம் வேண்டுவோர் கேமராவுக்கெனக் கடன்படுதல் வேண்டா. பறவை, விளையாட்டு, இரவு மேடை, ஆய்வுப்பதிவு ஆகியவற்றில் ஈடுபாடு உடையோர்க்கே அது தேவை. அவர்களும் புதியதைத் தேடாமல் நன்னிலையில் உள்ள பழைய கேமரா ஒன்றைப் பார்த்து வாங்கலாம். எஞ்சியோர் கைப்பேசியை எடுத்தவுடன், விரற்பிசுக்கும் பைத்தூசியும் படிந்த அதன் வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் படமெடுத்துப் பார்க்கட்டும்.