பனிச்சரிவில் ஒருவர்

சிங்கப்பெருமாள் கோவில் சுற்றுவட்டார மக்களுக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் மறையும் நீர்த்துளி. அதே சொல், காஷ்மீரின் குல்மார்க் மலைச்சரிவுகளில் குவியும் வெண்பனியையும் குறிக்கிறது. 1990இல் பிறந்த ஆரிஃப் கான் அப்பகுதியைச் சேர்ந்தவர். தந்தை பனிச்சறுக்குக் கருவிகளுக்கான கடை நடத்தியமையால், நான்கு வயதிலேயே மகனின் கால்களில் சறுக்குப்பலகைகள் ஏறின.

பனிச்சறுக்கில் பிரிவுகள் பல. ஃப்ரீஸ்டைல் எனும் பிரிவில் வீரர் அந்தரத்தில் கரணமடித்து இறங்கும் நேர்த்திக்கு நடுவர்கள் மதிப்பெண் வழங்குவர். 1992 முதல் அது ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக உள்ளது. ஆரிஃப் தேர்ந்ததோ ஆல்பைன் பிரிவு. அங்குக் கடிகாரமே நடுவர். நட்டுவைத்த கம்பங்களினூடே வளைந்து வளைந்து விரைந்திறங்க வேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது.

குல்மார்க்கில் சறுக்குதற்குரிய பனி ஆண்டில் சில மாதங்களே நிலைக்கும். தகுதிப்புள்ளி தரும் போட்டிகளோ பெரும்பாலும் ஐரோப்பாவில் நடப்பவை. பயணம், பயிற்சி, கருவிகள் என ஒவ்வொன்றிற்கும் பெருந்தொகை தேவைப்பட்டது. பணமின்மையால் 2018ஆம் ஆண்டுப் பியோங்சாங் ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. அப்போது அவர் 28 வயதை நெருங்கியிருந்தார். விரைவையே நம்பிய வீரருக்கு நான்காண்டுக் காத்திருப்பு எளிதன்று.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக, தேசியக் கொடியை ஏந்தி நடந்தார் ஆரிஃப். பிப்ரவரி 13 அன்று, கொட்டும் பனியில் பலர் தடம் தவறிய ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில், இரு ஓட்டங்களையும் முடித்து 45ஆம் இடம் பெற்றார். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலம் போட்டியில், முதல் ஓட்டத்திலேயே அவரும் தடம் தவறினார்.