திரையில் ஓடும் கோடும் காலத் தாழ்வும்

திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை 1852இல் ஏற்றவர், ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். பூமியின் காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அருகே செல்வதால், காந்த ஊசியின் அசைவுகளை அளப்பதற்கு இவ்விடம் பெரிதும் ஏற்றதாயிருந்தது. நகரிலும், 6,000 அடி உயரத்தில் அகத்தியர் மலையிலும் ஊசியின் நிலையைக் கண்ணால் நோக்கிப் பேரேட்டில் பதிந்தனர். அவ்வளவுகள் தொகுக்கப்பெற்று லண்டனில் நூலாக வெளிவந்த ஆண்டு 1874. அளந்ததற்கும், அளவின் போக்கு பிறர் பார்வைக்கு வந்ததற்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள்!

அதே காந்த நடுக்கோட்டின் அண்மையைக் கருதியே தும்பா கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. இத்தகைய ராக்கெட்டின் பயணம் சில நிமிடங்களே. கருவி அனுப்பும் அளவை அந்நிமிடங்களிலேயே பெற்றுப் பதியாவிடில் இழந்தது இழந்ததே.

இன்று ஒரு பள்ளி மாணவனும் அளவினை உடனுக்குடன் கோடாக வரைந்து காண இயலும். கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில் 'ஆர்டுயினோ' என்னும் சிறு மின்னணுப் பலகை பழக்கமான பொருளாகிவிட்டது. ஒளியையோ வெப்பத்தையோ உணரும் கருவியை அதனுடன் இணைத்தால், பலகை அவ்வளவை எண்ணாக்கி, 'சீரியல் போர்ட்' வழியே கணிப்பொறிக்கு அனுப்புகிறது. வரைவதற்கான மென்பொருளோ விலையின்றியே கிடைக்கிறது.

நகரப் பள்ளியொன்றின் கண்காட்சியில் இத்தகைய அமைப்பு ஒன்றைக் கண்டேன். ஒளியுணர் கருவியின்மீது கையை வைத்து மூடினேன். திரையில் கோடு இறங்கவில்லை. கையை எடுத்து அடுத்த மேசைக்குச் சென்ற பிறகே அது சரிந்தது! கருவி பழுதென்று மாணவர்கள் கருதினர். பழுது கருவியில் இல்லை.

இதனைச் சற்று விரிவாகக் காண்போம். சீரியல் போர்ட் என்பது ஒற்றையடிப் பாதை போன்றது. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல இயலும். நொடிக்கு 9,600 பிட் என்னும் வழக்கமான வேகத்தில், ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு அடையாளங்கள் உட்பட 10 பிட்டுகள் தேவை. ஆகவே நொடிக்கு 960 எழுத்துகள். '873' என்னும் அளவும், வரி முடிவைக் குறிக்கும் இரு குறிகளும் சேர்ந்து 5 எழுத்துகள். நொடிக்கு 192 அளவுகள் வரை அனுப்ப இப்பாதை போதும்.

இடர் வரைவதில்தான். பலகை நொடிக்கு 50 அளவுகள் அனுப்புவதாகவும், ஒவ்வோர் அளவுக்கும் மென்பொருள் படம் முழுவதையும் புதிதாக வரைவதாகவும், ஒருமுறை வரையப் பத்தில் ஒரு நொடி ஆவதாகவும் கொள்வோம். நொடிக்கு 10 அளவுகளே வரையப்படும். 40 அளவுகள் வரிசையில் காத்து நிற்கும். ஒரு நிமிடத்தில் வந்தவை 3,000; வரையப்பட்டவை 600. அதாவது, 60ஆம் நொடியில் திரை காட்டுவது 12ஆம் நொடியின் நிலையை. காத்திருக்கும் அளவுகளுக்கான இடம் நிரம்பிவிட்டாலோ, புதியவை கைவிடப்படும். எண் நடுவே அறுந்து 873 என்பது 73 ஆகலாம். யாரும் கை வைக்காமலேயே திரையில் இருள் தோன்றும்! பொய்க் கோடு தாழ்ந்த கோட்டினும் கேடானது என்பது என் கருத்து.

ஆற்று நீர்மட்டத்தைக் காட்டும் படத்தில் அரை நிமிடத் தாழ்வு பொருட்டன்று. கொதிகலனின் அழுத்தத்தையோ நோயாளியின் நாடித் துடிப்பையோ காட்டும் திரையில் அதே அரை நிமிடம் உயிருக்கே உலை வைக்கும். நிகழ்நேரம் என்னும் சொல்லைக் கேட்கும்போது, எவ்வளவு தாழ்வு என்று வினவுவது கொள்முதல் செய்யும் அலுவலகங்களில் இன்னும் வழக்கமாகவில்லை.

தீர்வுக்குச் செலவில்லை. படிக்கும் வேலையையும் வரையும் வேலையையும் பிரித்துவிட வேண்டும். ஒரு பகுதி இடைவிடாது படித்து, முழு வரியை மட்டுமே ஏற்று, வந்த நேரத்துடன் கோப்பில் பதியும். மற்றொன்று நொடிக்கு நான்கைந்து முறை மட்டும், கடைசிச் சில நூறு அளவுகளை ஒருசேர எடுத்து வரையும். கண்ணுக்கு அதுவே போதுமானது. போர்ட்டைத் திறந்தவுடன் வரும் முதல் வரி பெரும்பாலும் அரைகுறையானது, அதை நீக்கிவிடலாம்.

அப்பள்ளியின் ஆசிரியரிடம் இதைக் கூறினேன். மதிய உணவு வேளைக்குள் ஒரு மாணவி நிரலைத் திருத்தியிருந்தாள். மீண்டும் கையை வைத்தேன். கை இருக்கும்போதே கோடு இறங்கியது.