அறுவடைக் கெடு சொல்லும் பூவின் பெயர்

நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கு இரண்டு பூ. மலையாள மாதக் கணக்கில் கன்னியில் (புரட்டாசி) அறுப்பது கன்னிப்பூ. கும்பத்தில் (மாசி) அறுப்பது கும்பப்பூ. பெயரிலேயே அறுவடைக் கெடு இருக்கிறது.

ஜூன் முதல் வாரம் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கிடைத்து நாற்றங்கால் விதைத்தால், சுமார் 110 நாளில் விளையும் அம்பை 16 ரகம் புரட்டாசியில் அறுவடைக்கு வரும். ஒரு மாதம் தாமதித்தால் ஐப்பசி மழையில் சிக்கும். கதிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைக்கும், வைக்கோலும் அழுகும். கும்பப்பூ நடவும் தள்ளிப்போய், கடைவரம்பு வயல்கள் கடைசித் தண்ணீருக்குத் தவிக்கும்.

அணைத் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் காத்திருக்க வேண்டாம். சித்திரை, வைகாசி கோடை மழையில் உழுது புழுதி விதைப்பு செய்யலாம். அதற்கு விதைநெல்லைப் பங்குனியிலேயே வாங்கி, முளைப்புத்திறன் பார்த்து வைப்பது அவசியம். களையை மட்டும் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும்.